அப்பா என்னை ‘அது’ என்கிறார்

வடலி (ஸ்காபரோ, கனடா)

போன மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை. காலையில் போய் மத்தியானம் திரும்புகிற விஷயம்தான், ஆனால் கூட்டிக்கொண்டு போக ஆள் வந்தால்தான் விடுவார்கள். தாதி வந்து, யார் உங்களை வீட்டுக்குக் கூட்டிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா ஒரு கண்ணில் கட்டோடு என் பக்கம் கையைக் காட்டி “மை டாட்டர்” என்றார். யோசிக்கவேயில்லை. நான் பெண்ணாக வாழத் தொடங்கி ஆறு வருடமாகக் காத்திருந்த சொல் அது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மருந்துச் சீட்டை வாசிக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

காரில் ஏறிப் பத்து நிமிடம் ஆகவில்லை, ஊரிலிருந்து மாமி வாட்ஸ்அப்பில் எடுத்தார். அப்பா சொன்னார்: “ஓமோம், முடிஞ்சுது. அதுதான் கூட்டிக்கொண்டு வருது. லீவு போட்டிட்டு விடியவே வந்து நிண்டது.”

அது. வருது. நிண்டது.

யாழ்ப்பாணப் பேச்சு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கு ஆண் என்றால் ‘அவர் வந்தவர்’, பெண் என்றால் ‘அவ வந்தவ’. தமிழ்நாட்டில் ‘அவங்க வந்தாங்க’ என்று சொல்லி இரண்டுக்கும் பொதுவாக நழுவ முடிகிற மாதிரி எங்களுக்கு முடியாது. ‘நான்’ என்று பேசினால் தமிழில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, ‘நீ’ என்றாலும் அப்படித்தான். அதனால் அப்பாவும் நானும் நேருக்கு நேர் பேசும்போது ஒரு சிக்கலும் வருவதில்லை. நான் அந்த இடத்தில் இல்லாதபோது அவர் என்னைப் பற்றி இன்னொருவரிடம் சொல்வதில்தான் நான் அவருக்கு யார் என்பது வெளியே வருகிறது. 2019 வரை ‘அவன்’. பிறகு ஒரு வருடம் என்னைப் பற்றி யாரிடமும் பேசவேயில்லை. இப்போது ‘அது’.

எட்டு வயதில் இங்கே வந்தேன். கடவுச்சீட்டு, சுகாதார அட்டை, சாரதிப் பத்திரம் எல்லாம் பெண் என்று மாறி நாளாயிற்று. ஒன்டாரியோவில் பெயர் மாற்றினால் அரசிதழில் போடுவார்கள், பால்மாற்றம் காரணம் என்றால் போடவேண்டாம் என்று கேட்கலாம், கேட்டேன். அந்தப் பக்கம் எல்லாம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கம்தான். இன்னொன்றும் உண்டு: உடுப்பிட்டியில் தன்னுடைய இரண்டு பரப்புக் காணியை என் பெயருக்கு எழுத வேண்டும் என்று அப்பம்மா பிடிவாதமாக நிற்கிறார். அப்பம்மாவுக்கு 88 வயது. வீடியோவில் என்னை முதல்முறை இப்படிப் பார்த்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தலைக்கு என்ன எண்ணெய் வைக்கிறாய் என்று. ஆனால் உறுதி (காணிப் பத்திரம்) எழுதுவிக்கிற பொறுப்பு அப்பாவிடம்.

இந்த ‘அது’வைப் பற்றி அப்பாவிடம் பேசலாமா, விட்டுவிடலாமா?

வைகைக்கரை (சென்னை)

பேசணும் தங்கச்சி. இன்றைக்கே பேசு.

எனக்கு 52 வயது. ‘அது’ என்ற சொல்லோடு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. பேருந்தில் ஏறினால் “அது வருது, தள்ளி உட்காரு”. டீக்கடையில் “அதுக்குத் தனி டம்ளர்ல குடு”. காவல் நிலையத்தில் எழுத்தர் என் முன்னாலேயே “அதோட பேர் என்னன்னு கேளு” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நான் நிற்கிறேன், வாய் இருக்கிறது, காது இருக்கிறது. உன் அப்பா அன்பாகச் சொல்கிறாரோ எப்படிச் சொல்கிறாரோ, அந்தச் சொல்லைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

திருநங்கை என்ற சொல் எங்களுக்கு வந்து இருபது வருடம் போலத்தான் ஆகிறது. அதற்கு முன்னால் அரவாணி. அதற்கும் முன்னால் சொன்னதையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். 2008இல் நல வாரியம் வந்தபோது அதன் பெயரே அரவாணிகள் நல வாரியம்தான். எனக்கு நிர்வாணம், அதாவது ஆணுறுப்பை நீக்குகிற அறுவை, ஆனது 1994இல், ஆந்திரப் பக்கம் ஒரு ஊரில், மயக்க மருந்து கிடையாது. நாற்பதாம் நாள் பால் ஊற்றிச் சடங்கு செய்து புடவை கட்டிவிட்டார்கள். அன்றைக்கு என் குரு என்னை ‘மகளே’ என்று கூப்பிட்டார். பெற்றவர்கள் சொல்லாததை அவர் சொன்னார். இன்றைக்கு அரசு மருத்துவமனையிலேயே காசில்லாமல் செய்கிறார்கள், இந்தப் பிள்ளைகள் அந்த வலியைப் படவேண்டாம், அது பெரிய விஷயம். ஆனால் கூப்பிடுகிற சொல்லை எந்த ஆஸ்பத்திரியிலும் வாங்க முடியாது. கேட்டுத்தான் வாங்கணும்.

கொங்குத்தமிழ் (பொள்ளாச்சி)

நான் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். என் அக்கா மகன் இப்போது என் அக்கா மகள், பெங்களூரில் வேலை செய்கிறாள், அதனால்தான் இந்த இழையைப் படிக்கிறேன்.

வைகைக்கரை அக்கா சொல்வதை ஒரு எழுத்துகூட மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்தில் பெற்ற அம்மாவையே “அது சந்தைக்குப் போயிருக்குது” என்போம். அக்கா வந்துச்சு, அத்தை சொல்லுச்சு, இப்படித்தான் பேச்சு. மரியாதைக் குறைவு என்று யாரும் நினைப்பதில்லை. நெருக்கமானவர்களுக்குத்தான், அதிலும் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் அப்படி வரும். யாழ்ப்பாணத்தில் எப்படி என்று வடலிதான் சொல்ல வேண்டும்.

இலக்கணத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதைச் சொல்ல வேறு இடமில்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்குத் தனி ஈறு கிடையாது, உயர்திணை ஈற்றையே கொள்ளும் என்று, தெய்வப் பெயர்களையும் அதே நூற்பாவில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறது. நன்னூல் இன்னும் திட்டமாக, ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால் என்கிறது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் நூற்பா அங்கே முடியவில்லை, இவர்கள் அஃறிணை போலவும் ஆவார்கள் என்று முடிகிறது. அந்தக் கடைசி வரி எனக்குத் தொண்டையில் நிற்கும். ‘அவள்’, ‘அது’ இரண்டும் ஒரே நூற்பாவில் இருக்கின்றன வடலி. உங்கள் வீட்டுக் காரில் நடந்தது அவ்வளவு பழைய விஷயம்.

வடலி

@கொங்குத்தமிழ், எங்களிடம் சின்னப் பிள்ளைகளைத்தான் ‘அது’ என்போம். “அது நித்திரை கொள்ளுது”, “அதுக்குப் பசிக்குது”. பாவம் பார்க்கும்போதும் வரும், “அது தனியக் கிடந்து கஷ்டப்படுது” என்று. வளர்ந்தவரை அப்படிச் சொன்னால் ஒன்று மிகுந்த பாசம், இல்லாவிட்டால் கணக்கில் எடுக்காதது. அப்பா சொல்வது இதில் எது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் இரவில் நித்திரை வருகுதில்லை.

@வைகைக்கரை, அக்கா, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். எனக்குக் குரு இல்லை. திருநங்கைகள் ஒரு குருவின் கீழ் குடும்பமாகச் சேர்ந்திருக்கும் ஜமாத் என்ற ஒன்றை நான் இணையத்தில்தான் அறிந்தேன். உங்களுக்கு இருக்கிற அந்தத் தாய், மகள், நானி (பாட்டி) என்கிற உறவு முறை எங்கள் ஊர்ப் பக்கம் நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே வெள்ளைக்காரத் தோழிகள், “உங்கள் கலாசாரத்தில் மூன்றாம் பாலுக்குப் பெரிய இடம் இருக்கிறதாமே” என்று சந்தோஷமாகக் கேட்பார்கள். கூவாகத்தில் நடக்கும் திருநங்கைகள் திருவிழாவின் படம் எதையாவது பார்த்திருப்பார்கள். அந்த இடம் என் வீட்டில் எந்த அறையில் இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்.

வைகைக்கரை

கூவாகத்தைப் பற்றி அவர்களிடம் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல். சித்திரைப் பௌர்ணமிக்கு அரவான் சாமியைப் புருஷனாக நினைத்துத் தாலி கட்டிக்கொள்கிறோம், மறுநாள் காலையில் அவர் களப்பலியானதற்காக அந்தத் தாலியை அறுத்து வெள்ளைப் புடவை கட்டுகிறோம். படம் எடுக்க வருகிறவர்கள் முதல் நாள் இரவோடு போய்விடுவார்கள். அழுகிறவள் அந்த ஒரு புருஷனுக்காக மட்டும் அழுவதில்லை. வருடம் முழுக்க அழ இடம் கிடைக்காததை எல்லாம் அங்கே அழுவாள்.

செரங்கூன்சாலை (சிங்கப்பூர்)

என் கதை வேறு மாதிரி. சிங்கப்பூரில் அறுவை முடிந்தவர்கள் அடையாள அட்டையில் பாலை மாற்றிக்கொள்ளலாம் என்பது 1973லேயே வந்துவிட்டது. 1996 முதல் திருமணமும் செய்துகொள்ளலாம். இங்கே முதல் பால்மாற்று அறுவையை 1971இல் செய்தவர் பேராசிரியர் ரத்னம், இலங்கையில் பிறந்த தமிழர். இதை நம்மவர்கள் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்வதில்லை. அறுவை செய்யாதவர்களுக்கு அட்டை மாறாது என்பதும் உண்மை, அதனால் எல்லாம் சொர்க்கம் என்று எண்ணவேண்டாம்.

நான் அறுவை முடித்து, அட்டை மாற்றி, புடவை கட்டிக் கோவிலுக்குப் போகிறேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாவும் என்னை ‘அவ’ என்றுதான் சொல்கிறார், ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் கோவிலில் யாராவது கேட்டால் “சொந்தக்காரப் பொண்ணு, கூட வந்திருக்கா” என்கிறார். மகள் என்று சொன்னால் எந்த மகள், உங்களுக்கு ஒரு பையன்தானே என்று அடுத்த கேள்வி வருமே. பெண் என்பதைக் கொடுத்துவிட்டார், மகள் என்பதை எடுத்துக்கொண்டார். வடலி, கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அப்பா “அதுதான் கூட்டிக்கொண்டு வருது” என்று சொன்னதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

பருத்தித்துறையான் (மொன்றியல்)

பிள்ளை, எனக்கு 74 வயது. உங்கள் அப்பாவை விடக் கொஞ்சம் மூத்தவனாக இருப்பேன். இந்த விஷயங்கள் எனக்கு முழுக்க விளங்குகுது என்று சொல்ல மாட்டேன். ஒன்று கேட்கிறேன், பெயரைச் சொல்லவேண்டாம். உங்களுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் ஆருடையது?

வடலி

ஐயா, சித்தப்பாவுடையது. அப்பாவின் தம்பி. 1987 ஐப்பசியில், இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் சண்டை பிடித்த நாட்களில், ஷெல் விழுந்து. 19 வயது. நான் மூன்று வருடம் கழித்துப் பிறந்தேன்.

பருத்தித்துறையான்

நினைத்தேன். எங்கள் ஆட்களிடம் பாதி ஆண்பிள்ளைகளின் பெயர் அப்படித்தான் வந்தது. உங்கள் அப்பா ‘அவன்’ என்று சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரைச் சொல்லியிருக்கிறார் பிள்ளை. அதை விடச் சொன்னால் அவர் இரண்டு பேரை விடவேண்டும். இங்கிலீசில் டாட்டர் என்று சொல்வது சுகம், அந்தப் பாஷையில் அவருக்குச் செத்தவர் ஒருவரும் இல்லை. அவரை நெருக்காதையுங்கோ. கொஞ்சக் காலம் விடுங்கோ.

தேம்ஸ்கரை (லண்டன்)

ஐயா சொல்வதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழும்பி நடந்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். ஆனால் ‘விடுங்கோ’ என்பதோடு நான் ஒத்துப்போக மாட்டேன், ஏனென்றால் நான் விட்டேன்.

நான் திருநம்பி, பெண் என்று பதியப்பட்டுப் பிறந்து ஆணாக வாழ்கிறவன். அம்மாவுக்கு ஒரே பிள்ளை. அம்மா என்னைக் கடைசிவரை ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்தில் பெண்ணைத்தான் அப்படிக் கூப்பிடுவது வழக்கம், ஆனால் சொல்லைப் பார்த்தால் பொதுச்சொல். எனக்கும் அது காணும், அம்மாவுக்கும் அது காணும், ஒரு நாள் பேசுவோம் என்று பத்து வருடம் போயிற்று. 2023இல் அம்மா போய்விட்டார். செத்தவீட்டில் குருக்கள் வந்து கிரியைக்கு உட்காரப்போவது ஆர் என்று கேட்டார். சின்னம்மா உடனே, பெறாமகன் (உடன்பிறந்தாரின் மகன்) இருக்கிறார், அவர் கொள்ளி வைக்கட்டும் என்றார். நான் வேட்டி கட்டி அங்கேயே நிற்கிறேன். தாடி இருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

குருக்கள் வயதானவர். சின்னம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, “அம்மாவின்ர பிள்ளை ஆர்?” என்று மட்டும் கேட்டார். நான் என்றேன். “அப்ப இரும்” என்றார். சுண்ணம் இடித்தேன், வாய்க்கரிசி போட்டேன். இங்கே சுடலை இல்லை, ஒரு பொத்தானை அமத்த வேண்டும், அதையும் நான்தான் அமத்தினேன். ஆனால் அம்மா ஒரு தரம், ஒரே ஒரு தரம், ‘மகன்’ என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லியிருந்தால் சின்னம்மாவுக்கு அந்த வாய் வந்திராது. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்று இப்போதும் நம்புகிறேன், அதுதான் அரிக்கிறது.

இங்கிலீசுக்காரன் நாட்டில் எல்லாம் முடிந்த விஷயம் என்றும் எண்ணவேண்டாம். பால் அங்கீகாரச் சட்டம் வந்தது 2004இல். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்பது பிறப்பில் வரும் பாலைத்தான் குறிக்கும் என்று சொல்லிவிட்டது. அந்தப் பாஷையில் கிடைத்த சொல்லும் திரும்பப் போகக்கூடியதுதான். வீட்டுக்குள் கேட்டு வாங்கிய சொல் அப்படிப் போகாது.

காணி விஷயம்: கடவுச்சீட்டில் ஒரு பெயர், இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு பெயர் என்றால் பிற்காலத்தில் இழுபடும். ஒன்டாரியோ தந்த பெயர்மாற்றச் சான்றிதழையும் உறுதியோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். 2016 முதல் இலங்கையில் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது, மனநல மருத்துவர் பார்த்துத் தருவது, அதை வைத்துப் பிறப்புப் பதிவையே திருத்தலாம். யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி கல்யாணம் முடித்த பெண் தன் காணியை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். பெண் என்று பதிந்தால் அதுவும் சேர்ந்துதான் வரும்.

கொங்குத்தமிழ்

தேம்ஸ்கரை தம்பி, அந்தக் குருக்களை ஒருமுறை பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

வடலி, அப்பாவிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தால், ‘அது என்று சொல்லாதீர்கள்’ என்று தொடங்கவேண்டாம். சித்தப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பேச்சு உங்கள் வீட்டில் நடந்திருக்கிறதா?

வடலி

நடந்ததில்லை. வருடத்துக்கு ஒரு நாள் படத்துக்கு மாலை போடுவோம், அவ்வளவுதான். இந்த ஞாயிறு கேட்கிறேன்.

வைகைக்கரை

நான் முதலில் எழுதியதை மாற்ற மாட்டேன். ஆனால் சித்தப்பா விஷயம் தெரிந்திருந்தால் ‘இன்றைக்கே’ என்று எழுதியிருக்க மாட்டேன். ஞாயிறு போ. போகும்போது சாப்பாடு கொண்டு போ.

வடலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

அந்த ஞாயிறு மீன்குழம்பும் புட்டும் கொண்டு போனேன். சாப்பிட்டபின் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். அப்பா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சித்தப்பாவின் சைக்கிளைப் பற்றிச் சொன்னார், பின் சில்லு எந்த நேரமும் நெளிந்துதான் இருக்குமாம், திருத்தவே மாட்டாராம். ஒன்றரை மணித்தியாலம் சைக்கிள், பள்ளிக்கூடம், பட்டம், அந்த ஐப்பசி. அம்மா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் பாதி புதுசு. நான், “அப்பா, அவர்ட பெயரை நான் எறியேல்லை. நடுப்பெயராப் பதிஞ்சு வச்சிருக்கிறன்” என்று சொல்லிச் சாரதிப் பத்திரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். கட்டு அவிழ்த்த கண்ணை ஒருமுறை துடைத்தார். ‘அது’வைப் பற்றியும் கேட்டேன். “உன்னை என்னெண்டு சொல்லுறது எண்டு எனக்கு வருகுதில்லை. அவன் எண்டு சொன்னா உனக்கு நோகும். மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வருகுதில்லை. அதான் சின்னனில சொன்ன மாதிரிச் சொல்லிக்கொண்டு திரியிறன்” என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு.

நேற்று நொத்தாரிசின் (உறுதி எழுதுகிறவரின்) உதவியாளர் ஊரிலிருந்து எடுத்தார், நன்கொடை உறுதிக்கு விபரம் கேட்டு. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். உறவு முறை என்ன என்று உதவியாளர் கேட்டார். அப்பா, “அம்மாவின்ர பேரப்பிள்ளை” என்றார். உதவியாளர் விடவில்லை. “பேரப்பிள்ளை எண்டு உறுதியில எழுத ஏலாது ஐயா, ஆம்பிளைப்பிள்ளையோ பொம்பிளைப்பிள்ளையோ?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த பேனையை மூடி, திறந்து, திரும்ப மூடினார்.

“பொம்பிளைப்பிள்ளை. என்ர மூத்தவ.”

பிறகு, அடையாளப் பத்திரத்தின் பிரதி வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, “அது இஞ்சதான் நிக்குது, இப்பவே அனுப்பும்” என்றார்.

இன்று காலை உறுதியின் வரைவு வாட்ஸ்அப்பில் வந்தது. பேர்த்தி என்று போட்டிருக்கிறார்கள். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, ‘ழ’ வரவேண்டிய இடத்தில் ‘ள’. அப்பா திருத்தச் சொல்லி எடுத்துக்கொண்டிருக்கிறார், அங்கே இன்னும் தூக்குகிறார்கள் இல்லை.